மான் தின்ற மாசி

கடல் எங்களுக்கு ஆறு மாதம் சம்பளம் தரும்.
வயிறு பன்னிரண்டு மாதமும் கேட்கும்.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை
ரெஜினோல்ட் நிலாவெளியில் திமிங்கிலம் காட்டுவான்.
நான் உப்புவெளி ஹோட்டலில் துவாய் மடிப்பேன்.
ஐப்பசி மழை வந்து
அவன் படகைக் கரையில் கவிழ்த்துப்போடும்.
எனக்கும் கிழமைக்கு இரண்டு நாள்தான் வேலை.

அதனால்தான் கொப்பி.
எண்பது பக்க சீஆர் கொப்பி.
இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது:
பாண், சீனி, ரீலோட், ஜெரோனின் கணக்கு ரியூசன்,
கிண்ணியா ஃபர்ஸானா பிடிக்கும் சீட்டில் என் பங்கு,
செவ்வாய்தோறும் மோட்டார் சைக்கிளில் வரும்
லோன்காரப் பொடியனுக்குத் தவணை.
பத்து ரூபா உதைத்தாலும் நித்திரை வராது.
"உனக்குப் புருசன் நானா, கொப்பியா?"
என்று கேட்பான் ரெஜினோல்ட்.
கேள்விக்குச் செலவில்லை.
எழுதாமல் விடுவேன்.

மாசி கடைசி நாள்.
பஸ் ஸ்ராண்ட் வாங்கிலில் கொப்பியை விரித்துக்
கூட்டிக்கொண்டிருந்தேன்.
ஹோர்ன் கேட்டு எழும்பினேன். கந்தளாய் பஸ்.
திரும்பினால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்,
ஒற்றைக் கொம்பன்,
கிடந்த வாழைப்பழத் தோலை விட்டு
லன்ச் ஷீற்றை விட்டு
என் மாசியைத் தின்றுகொண்டு நிற்கிறது.

பிடித்து இழுத்தேன்.
அட்டையும் தை மாதமும் எனக்கு.
இருபத்தெட்டு நாளும் அதற்கு.
கச்சான்காரர் சிரித்தார்:
"தங்கச்சி, பற்றுச்சீட்டுக் கேளுங்கோ."

இரவு புதுத் தாளில்
ஞாபகத்தை வைத்து எழுதினேன்.
ஜெரோனுக்குக் கண்ணாடி, ஏழாயிரத்து ஐந்நூறு.
போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவன்
மதிலில் பல்லி இருக்குதெண்டு கத்தினான்.
ஞாயிறு பூசை முடிந்து கடற்கரையில் இறால் வடை,
மூன்று பேருக்கும் முந்நூற்றறுபது.
ஊதித் தின் என்று சொன்னவனே நாக்கைச் சுட்டுக்கொண்டான்.
ஃபர்ஸானாவின் வாப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கத்
தோடம்பழம் ஒரு கிலோ.
அரிசி. கரண்ட். சீட்டு.
தவணை நான்கு. அதை மறக்க அவன் விடான்.

கூட்டிக் கழித்தேன்.
ஒன்பதாயிரத்து நாநூறு காணவில்லை.

மான் தின்றது தாளை, காசை அல்ல.
திரும்பத் திரும்ப யோசித்தேன்,
ஒரு ருசியும் ஒரு முகமும் வரவில்லை.
கொப்பியில் இருந்தபோது எல்லாம் ஒரே உயரம்.
கண்ணாடிக்கும் கோர்டியலுக்கும் ஒரே நீல மை.
ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தெரிந்தது.

ரெஜினோல்டை எழுப்பினேன்.
"மாசியில் என்ன செலவழிச்சம்?"
பாதி நித்திரையில் சொன்னான்:
"உனக்குக் காய்ச்சல் காய்ஞ்ச ராத்திரி
திரீவீல் பிடிச்சது. ஆயிரத்து நாநூறு.
நீ வழி முழுக்கப் பேரம் பேசிக்கொண்டு வந்தனீ."

எனக்கு அது நினைவேயில்லை.
ஆக, எட்டாயிரம்.
என் மறதியை மட்டும் நம்பி
எதையும் வெட்டக்கூடாதென்று அப்போதுதான் விளங்கியது.

பங்குனியில் கொப்பி இருந்தது.
ஆனாலும் மாத முடிவில் அதை மூடி வைத்துவிட்டு
இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுதினோம்.
பிறகு திறந்து,
இருவர் தாளிலும் இல்லாததற்கு அடிக்கோடு.
பஸ் ஸ்ராண்ட் ரோல்ஸ், அடிக்கோடு.
பதினொரு ரீலோட்டில் எட்டுக்கு அடிக்கோடு.
அடிக்கோடுகளைக் கூட்டி,
சித்திரைச் சம்பளம் வந்த அன்றே
அந்தத் தொகையைத் தபாற்கந்தோரில் போட்டேன்,
அது மறுபடி தொலைவதற்கு முன்.
ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம்.

திரும்பி வந்து அதே வாங்கிலில் இருந்தேன்.
ஒற்றைக் கொம்பன் வந்தது.
நூறு ரூபாவுக்குக் கச்சான் வாங்கி
உள்ளங்கையில் நீட்டினேன்.
மணந்து பார்த்தது.
பிறகு என் பையையே பார்த்துக்கொண்டு நின்றது.

எழுதினேன்:
மானுக்குக் கச்சான், நூறு.
மான் தின்னவில்லை. நான் தின்றேன்.